கரும்புக் கொல்லைக்குத் தீ வைத்த தம்பியின் கதை

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியவர் அக்காவின் கணவரான மாமாதான். "நீ எழுதுப்பா. கடைசி வரைக்கும் அவகிட்ட பேசாம இருந்தவன் நீதானே, இப்பவாவது பேசு" என்று என்னிடம் தள்ளிவிட்டார். சரியாகத்தான் தள்ளியிருக்கிறார்.

அக்கா பிறந்தது குருவிநத்தத்தில். நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் என்னை வளர்த்ததும் அக்காதான். சைக்கிள் மிதித்தே படித்து, ஓட்டப்பந்தயங்களில் பரிசு வாங்கி, பாகூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை ஆனார். வெயிலில் கறுத்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்று பேசிய சொந்தக்காரர்கள் சிலர் கையிலும் இந்த மலர் இருக்கும். மாமா கட்டினார். இருவரும் நன்றாகவே வாழ்ந்தார்கள்.

அடிதடி போட்ட பிள்ளைகளையும் ஆசிரியர்களை எதிர்த்துப் பேசியவர்களையும் அக்காவிடம் அனுப்புவார்கள். மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார் என்று எதிர்பார்ப்பு. அக்காவோ அவர்களைப் பந்துக்குக் காற்றடிக்க உட்காரவைத்துக் கதை சொல்வார். ஏன் அடித்தாய் என்று கேட்கமாட்டார். கதையை வேண்டுமென்றே கோணலாகக் கொண்டுபோவார். "அவன் அப்படி செய்யமாட்டான் மிஸ்" என்று திருத்துவதற்குப் பிள்ளை வாயைத் திறக்கும். அப்புறம் தன் வீட்டுக் கதையையும் சேர்த்துக் கொட்டிவிடும்.

அவர் சொன்ன கதைகளில் ஒன்று என்னுடையது. பத்தாவது படிக்கையில், பைக் வாங்கித் தரவில்லை என்ற கோபத்தில், வெட்டுக்கு நின்ற எங்கள் கரும்புக் கொல்லைக்கு நான் தீ வைத்தேன். பார்த்தவர் அக்கா மட்டும். யாரோ பீடியை அணைக்காமல் போட்டுவிட்டார்கள் என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார். அப்பா சாகும்வரை அதையே நம்பினார்.

சில ஆண்டுகளுக்கு முன் மதகடிப்பட்டு டீக்கடையில் ஒரு பையன் நண்பனிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். பெயர் இல்லை. ஆனால் பைக், பீடி எல்லாம் இருந்தன. நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"என் மானத்த ஊருக்கே வித்துட்டியே, நீயெல்லாம் ஒரு அக்காவா?"

"உன் பேர எங்கயும் சொல்லலடா. ஒரு பையன் பையில பெட்ரோல் பாட்டிலோட வந்தான், சார் வண்டிய கொளுத்தப் போறேன்னு. எனக்கு வேற கதை வரலடா."

"இனிமே உன் வூட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

மிதிக்கவில்லை. அந்தப் பையன் என்ன ஆனான் என்றுகூடக் கேட்கவில்லை.

அதன்பின் பொங்கலுக்குப் பொங்கல் அக்காவிடமிருந்து ஒரு கட்டுக் கரும்பு வந்தது. குத்திக்காட்டுகிறார் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன். என் மகளின் விளையாட்டு விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். புது நம்பரிலிருந்து கூப்பிட்டு "சாப்டியாடா?" என்றார். போனை வைத்துவிட்டேன். சென்ற ஆண்டுப் பொங்கலுக்குக் கரும்பு வரவில்லை. அக்கா என்னை வெறுத்துவிட்டார் என்று வெட்கமில்லாமல் கோபப்பட்டேன். சில மாதங்களில் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், அரியூர் தாண்டுவதற்குள் அக்கா போய்விட்டார்.

கருமாதியன்று பள்ளிச் சீருடையில் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். வகுப்பில் நாற்காலியை உடைத்ததால் அக்காவிடம் அனுப்பப்பட்டவளாம்.

"அந்தத் தம்பி நீங்கதானே சார்?"

தலையசைத்தேன்.

"கதைல தம்பி கோவிச்சிக்கினு போயிடுவாரு. அவர திரும்பப் பேச வைக்க அக்கா இன்னா பண்ணணும்னு மிஸ் எங்களதான் கேப்பாங்க. கரும்பு அனுப்பச் சொன்னது ஒரு பையன். புது நம்பர்ல போன் போடச் சொன்னது இன்னொருத்தன். மிஸ் நெஜமாவே செஞ்சாங்களா சார்?"

"செஞ்சாங்கம்மா."

"கடைசியா நாந்தான் சொன்னேன். நீங்க இன்னாவும் பண்ணாதீங்க மிஸ், சும்மா இருங்க, அவரே வருவாருன்னு. சரின்னாங்க. நா சொன்னது தப்பா சார்?"

மாமா கூப்பிடுகிறார் என்று சொல்லி அங்கிருந்து நழுவிவிட்டேன். கோபக்காரப் பிள்ளைகளிடமே யோசனை கேட்டு அக்கா என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்திருக்கிறார். அந்தப் பிள்ளைகளின் கோபமெல்லாம் தணிந்தது. நாற்பது வயதைத் தாண்டிய எனக்குத்தான் கோபம் தணியவில்லை.

ஆம்புலன்ஸுக்கு ஓடிய அக்கம்பக்கத்தாருக்கும், சாப்பாட்டு வேலையை ஏற்றுக்கொண்ட பங்காளிகளுக்கும், அக்காவின் பாடைக்குத் தோள்கொடுத்த பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெட்ரோல் பாட்டிலோடு வந்த பையனும் அன்று தோள்கொடுத்தான் என்று மாமா சொன்னார். நான் பின்னால்தான் நடந்தேன்.

இந்த மலரை அந்த மாணவியிடம் நானே பள்ளிக்குப் போய்க் கொடுக்கப்போகிறேன். நீ சொன்னது தப்பில்லை அம்மா. உன் பேச்சை நம்பி அக்கா காத்திருந்தார். நான்தான் வரவில்லை.