தண்டவாளம் உடைந்த காலை

மயிலாப்பூர்ப் பக்கம், கால்வாயை ஒட்டித் தூண்கள் மேல் ஓடும் ரயில் பாதையில் ஒரு நிலையத்துக்கு நான் ஸ்டேஷன் மாஸ்டர். ரயிலை நேரில் பார்ப்பதைவிட என் மேசையில் இருக்கும் பேனலில்தான் அதிகம் பார்க்கிறேன். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து விளக்குகளாக வரைந்த பலகை அது. ஒரு துண்டின் மேல் ரயில் இருந்தால் அங்கே சிவப்பு எரியும். ரயில் கடந்ததும் அணைந்துவிடும்.

அந்த மார்கழிக் காலையில் ஒரு சிவப்பு அணையவில்லை.

வடக்கிலிருந்து வந்த ரயில் பிளாட்பாரத்தில் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுத் தெற்கே போய்விட்டது. ஆனால் நிலையத்துக்கு வெளியே, வளைவுக்கு அருகே ஒரு துண்டு மட்டும் ரயில் இன்னும் அங்கேயே நிற்பதுபோல் எரிந்துகொண்டிருந்தது. பின்னால் அடுத்த ரயில் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பச்சை விழாது. அது வெளி சிக்னலில் நின்றே ஆக வேண்டும்.

இப்படி விளக்கு எரிவது புதிதல்ல. மழைத் தண்ணீர் நின்றால் எரியும், ஒயர் அறுந்தாலும் எரியும், அபூர்வமாகத் தண்டவாளமே உடைந்தாலும் எரியும். கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் அலுத்துக்கொண்டார்.

"கருவிக் கோளாறா இருக்கும்மா. காலை கூட்டம். டிரைவருக்கு மெமோ எழுதிக் குடுத்து மெதுவா உள்ள எடுத்துடு."

அவர் சொன்னதில் தவறில்லை, விதியில் அதற்கும் இடமுண்டு. ஆனாலும் எனக்கு மனசு வரவில்லை. போய்விட்ட ரயிலின் ஓட்டுநரை வாக்கிடாக்கியில் கூப்பிட்டேன்.

"சார், உள்ள வரும்போது வளைவுகிட்ட ஏதாவது தெரிஞ்சுதா?"

கொஞ்சம் யோசித்தார். "லேசா ஒரு தட்டு தட்டுச்சு மேடம். சொல்ற அளவுக்கான்னு தெரியல."

மறுபடி போனை எடுத்து, "சார், கண்ணால பாக்காம அனுப்ப மாட்டேன்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, லைனை மூடு. தண்டவாள ஆளுங்களை நான் அனுப்பறேன்."

வெளி சிக்னலின் பொத்தானுக்கு மூடி போட்டேன். தவறிக்கூட யாரும் அழுத்திவிடக் கூடாது. பாதையில் இறங்கிச் செய்யும் வேலைகளைப் பார்க்கும் எங்கள் பாயிண்ட்ஸ்மேன் சிந்தாதிரிப்பேட்டைக்காரர், என்னைவிட மூத்தவர். வளைவைப் பார்த்துவரச் சிவப்புக் கொடியோடு அவரைப் பாதையில் அனுப்பினேன். இதற்கிடையே எதிர்த் திசை ரயில் பிளாட்பாரத்துக்கு வந்தது. அந்த லைனில் பிரச்சினை இல்லை. பச்சை கொடுத்தேன், புறப்பட்டுப் போனது.

அடுத்த நிமிடம் வாக்கிடாக்கியில் பாயிண்ட்ஸ்மேன் கத்தினார்.

"மேடம்! நின்னுகினு கீற வண்டிலேந்து ஜனம் எறங்கி நடந்து வருது! அந்தாண்ட லைன் மேலயே வர்றாங்கோ!"

நான் எழுந்துவிட்டேன். மேலே இருப்பது ஒதுங்க வழியில்லாத பாதை. இந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர், அந்தப் பக்கமும் கைப்பிடிச் சுவர், நடுவே இரண்டு லைன். நான் பச்சை காட்டி அனுப்பிய ரயில் வளைவை நோக்கி வேகம் எடுத்துக்கொண்டிருந்தது. வளைவுக்கு அப்பால் இருப்பது ஓட்டுநருக்குத் தெரியாது. சிக்னலைச் சிவப்பாக்கியும் பயனில்லை, அவர் அதைத் தாண்டிவிட்டார்.

வாக்கிடாக்கியை வாயருகே பிடித்தேன். "வடக்க போற வண்டி, நில்லுங்க! உடனே நில்லுங்க! லைன்ல ஆளுங்க!"

கரகரப்புச் சத்தம் மட்டும். மறுபடி கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை.

பிறகு ஒரு குரல் மூச்சிரைக்க வந்தது. "நின்னுட்டேன் மேடம்." ஒரு கணம் நிறுத்திச் சொன்னார்: "வளைவு திரும்பிட்டேன். எதிர்லதான் நிக்கிறாங்க. ஒரு பொண்ணு கைக்குழந்தையோட."

மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாயிண்ட்ஸ்மேன் எல்லோரையும் வரிசையாக அழைத்து வந்தார். வந்தவர்கள் நேராக என் அறை வாசலில் திரண்டார்கள். ஒருவர் வேலை போய்விடும் என்றார், ஒருவர் வீடியோ எடுத்தார். நந்தனத்துக் கல்லூரியில் பரீட்சை என்று ஒரு பெண் அழுதாள். மீன் கூடையைச் சுமந்து வந்த அம்மா எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இன்னாம்மா ஆபீசரு! எம்மா நேரமா நிறுத்திகினு கீறே, ஐஸு பூரா உருகிப்போச்சி. எவன் வாங்குவான் இத்த?"

பாயிண்ட்ஸ்மேன் குறுக்கே வந்தார். "யக்கா, சும்மா இரு. தண்டவாளம் ரெண்டா ஒடைஞ்சி கீது. என் வெரலு உள்ள பூந்துச்சி. உன் வண்டி அது மேல வந்திருந்தா இன்னா ஆவும்?"

அந்த அம்மா கூடையை இறக்கி வைத்தார். வாசலில் இருந்த சத்தமும் மெல்ல அடங்கியது. எனக்கும் உடைப்பு உறுதியான செய்தி அப்போதுதான் தெரிந்தது. பனியில் இரும்பு சுருங்கி, பழைய வெல்டிங் இணைப்பு ஒன்று விட்டுப் பிரிந்திருக்கிறது என்று பின்னர் சொன்னார்கள்.

தண்டவாள ஆட்கள் வந்து, உடைந்த இடத்தின் இரு பக்கமும் இரும்புப் பட்டை வைத்து இறுக்கினார்கள். நடக்கும் வேகத்தில் மட்டும் ரயில் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பொத்தானின் மூடியை எடுத்தேன். காத்திருந்த ரயில் ஊர்ந்து வந்தது. அதன் கடைசிப் பெட்டி உள்ளே வரும்வரை நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மதியம் அந்த வடக்கு வண்டி ஓட்டுநர் திரும்பி வரும் ரயிலில் எங்கள் பிளாட்பாரத்தில் நின்றார். வருடக்கணக்காக வாக்கிடாக்கியில் பேசியிருக்கிறோம், முகம் பார்த்தது அன்றுதான். நரைத்த மீசை, என் அப்பா வயது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சாப்ட்டியாம்மா?"

"இல்ல சார். நீங்க?"

"எனக்கும் எறங்கல."

சிக்னல் பச்சையானது. அவர் கையை மெல்ல உயர்த்திவிட்டு வண்டியை எடுத்தார்.