ஐந்தாவது ஏன்

சூளகிரி பக்கம் எங்கள் ஃபேக்டரியில் யாருக்காவது அடிபட்டால் உடனே ஒரு தாளை எடுப்போம். அதில் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்டு, ஐந்து பதில் எழுத வேண்டும், இங்கிலீஷில். ஐந்தாவது ஏனுக்கு என்ன எழுதுகிறோமோ அதுதான் நடந்தது. ஆறாவதுக்குத் தாளில் கட்டம் கிடையாது.

அன்று அடிபட்டது என் லைனில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு. அஞ்செட்டிப் பக்கம் ஊர், வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், கான்ட்ராக்ட் வேலை. ஒரு தடவை இறங்கி நிற்க வேண்டிய பிரஸ் மெஷின் இரண்டு தடவை இறங்கி, அவருடைய ஆள்காட்டி விரல் நுனியை நசுக்கிவிட்டது.

மூன்று நாள் முன்னாலேயே சூப்பர்வைசரான என்னிடம் வந்து சொல்லியிருந்தார்.

"அண்ணா, மெஷின் சத்தம் சரியில்ல. தொண்டையில ஏதோ சிக்கின மாடு மாதிரி இழுக்குது."

"அப்ப மாட்டு டாக்டருக்குத்தான் போன் போடணும்" என்றேன்.

லைனே சிரித்தது. பாவம், அவரும் சிரித்தார். செக் ஷீட்டில் 'சத்தம்' என்ற கட்டத்தில் சரி என்று டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மீட்டிங்கில் மேனேஜர் நாலு ஏனைத் தாண்டி ஐந்தாவதில் எழுதினார்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. கான்ட்ராக்டரின் ஆள் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார், "நாளைக்கே வேற ஆள் போட்டுடலாம் சார்."

எனக்கு நாற்பத்தெட்டு வயது, லைனில் பெரிய ஜோக்கர் என்று பெயர். அங்கே பக்கத்து ஆளின் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்து, மூடியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"சார், மெஷின்ல அப்நார்மல் சவுண்ட் இருந்துச்சு."

எல்லாரும் நிமிர்ந்தார்கள். மாடு இங்கிலீஷ் பேசியதும் மரியாதை வந்துவிட்டது.

"எத்தனை நாளா?"

"மூணு நாளா சார். அவங்கதான் சொன்னாங்க. நான்தான் டிக் போட்டேன்."

மெயின்டனன்ஸ் ஆட்கள் பிரித்துப் பார்த்தார்கள். மெஷினை ஒரே இறக்கத்தில் நிறுத்த வேண்டிய கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருந்தது. தாள் மாறியது. எனக்கு மெமோ வந்தது. அவருக்கு வேலை நிலைத்தது.

கட்டு பிரிப்பதற்குள் அவர் திரும்பி வந்தார். அந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள்.

"என்ன எழுதியிருக்குன்னு படிங்கண்ணா."

"அசாதாரண சத்தம் இருந்ததை சூப்பர்வைசர் தெரிவித்தார்" என்று தமிழில் சொன்னேன்.

"நீங்களா சொன்னீங்க?"

ஒட்டிய தாளில் கை வைக்கக் கூடாது என்பது விதி. மாற்ற வேண்டுமானால் மேனேஜர் கையெழுத்து வேண்டும். அதை அவரிடம் விளக்க ஆரம்பித்தேன். பாதிவரை கேட்டார்.

"சரிண்ணா. இனிமே மெஷின் சத்தம் போட்டா உங்களுக்கே கேக்கும்ல" என்று சொல்லிவிட்டு, அடிபடாத கையால் தொப்பியை மாட்டிக்கொண்டு லைனுக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எந்த மெஷினைப் பற்றியும் பேசியதில்லை.