கரி லாரிக்கு நல்ல தண்ணீர்

காலை ஆறரைக்கு நரிக்குடியில் கரி லாரியில் ஏறினேன். தூத்துக்குடிக்குப் போக வந்த நான் பஸ்ஸைத் தவறவிட்டு முழிப்பதைப் பார்த்து, டீக்கடையில் நின்ற மைதீன் அண்ணன், "மூட்டை மேல உக்கார வேணாம், முன்னாலயே எடமிருக்கு, வாங்க" என்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். திருச்சுழி வருவதற்குள் அது வேறு சட்டையாகிவிட்டது.

லாரி அவருடையது. சவூதியில் பல வருடம் டிரைவராக இருந்து சேர்த்ததில் வாங்கிய பழைய வண்டி. இது ஓடும்வரை திரும்ப அங்கே போவதில்லை என்று அருப்புக்கோட்டையில் இருக்கும் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாராம். ஓயாமல் பேசி வந்தவர், திருச்சுழி தாண்டி ஐந்தாறு கிலோமீட்டரில் வாயை மூடினார். சூடு காட்டும் முள் சிவப்பில் நின்றது.

சாலையோரம் ஒரே ஒரு ஓட்டு வீடு. அதன் முன்னால் நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் பால் அதிகமான டீ நிறத்தில் கூழ் கிடந்தது. எஞ்சின் ஆயில் தண்ணீரோடு கலந்துவிட்டது.

"ஹெட்டு போயிருக்கும். இல்ல, பிளாக்கே வெடிச்சிருக்கும்" என்றார். ஹெட் எஞ்சினின் தலைமூடி, பிளாக் அதன் உடம்பு. உடம்பே வெடித்திருந்தால் வண்டி காயலான் கடைக்கு, அவர் சவூதிக்கு. அந்த வீட்டு வாசலில் நின்றே மனைவியைப் போனில் கூப்பிட்டு இதைச் சொன்னார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

அண்ணன் போன் செய்து வரச் சொன்ன மெக்கானிக் ராஜாமணி பந்தல்குடியிலிருந்து பைக்கில் வந்து இறங்கினார், பட்டு வேட்டியில். அவருடைய அக்கா மகளுக்கு அன்று காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமனோ லாரிக்கு அடியில். வீட்டிலிருந்து வந்த போனுக்குத் தெலுங்கில் ஏதோ சமாளித்துவிட்டு, "ஏலே மைதீனு, பிள்ளைய வச்சுக்கிட்டு ஒரு மண்டபமே காத்துக்கிட்டு இருக்கு" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

ஆயில் அளக்கும் குச்சியை உருவினார். ஆயில் குறைந்திருந்தது, ஆனால் கறுப்பாகவே இருந்தது. தண்ணீர் கலந்த வெளுப்பு இல்லை. குறைந்த அளவுக்கு ஆயில் ஊற்றி, ரேடியேட்டரையும் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தே வண்டியைக் கிளப்பச் சொன்னார். தண்ணீரில் குமிழி வரவில்லை. புகை வெள்ளையாக வருகிறதா என்று பார்க்க என்னைப் பின்னால் அனுப்பினார். வழக்கமான கறுப்புப் புகைதான்.

"ஹெட்டு போயிருந்தா இந்நேரம் குமிழி கொப்பளிச்சிருக்கும். ஆயிலு தண்ணிக்குள்ள போயிருக்கு, தண்ணி ஆயிலுக்கு வரல. ஆயில் கூலர்லதாம்லே ஓட்டை" என்றார்.

"ஆறுதலுக்குச் சொல்லாத" என்றார் மைதீன் அண்ணன்.

கூலர் என்பது எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பெட்டி. ஆயிலைத் தண்ணீரால் குளிர வைப்பது. அதைக் கழற்றி, ஒரு வாயை அடைத்து, இன்னொரு வாயில் லாரியின் காற்று டேங்க் குழாயைச் செருகி, அந்த ஓட்டு வீட்டு அக்கா பாண்டியம்மாள் கொடுத்த தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். ஒரே இடத்திலிருந்து சரம் சரமாகக் குமிழி வந்தது. ஓர் ஓட்டையைப் பார்த்து மூன்று பேர் அப்படிச் சந்தோஷப்பட்டதை நான் கண்டதில்லை.

உள்ளே பார்த்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்து தகடு அரித்திருந்தது.

"என்ன தண்ணி ஊத்துற?" என்றார் ராஜாமணி.

"போர் தண்ணிதான். நல்ல தண்ணிய வெலைக்கு வாங்கிக் குடிக்கிறோம். அதைப் போயி லாரிக்கு ஊத்துவாகளா?"

அந்தப் பக்கத்தில் யாரும் ஊற்ற மாட்டார்கள். குடம் பதினைந்து ரூபாய்.

ராஜாமணி போனில் சொன்னதும் அருப்புக்கோட்டைக் கடைக்காரர் புதுக் கூலரைப் பஸ்ஸில் போட்டுவிட்டார். கண்டக்டர் அந்த வீட்டு வாசலிலேயே பஸ்ஸை நிறுத்திக் கொடுத்தார். சோப்புத் தூள் போட்டு ரேடியேட்டரைக் கழுவி, கூலரை மாட்டி முடித்ததும், "இனிமே நல்ல தண்ணிதான் ஊத்தணும்" என்று சொல்லிவிட்டு ராஜாமணி காதுகுத்துக்குப் பறந்தார். பட்டு வேட்டியில் பாதி கரி.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? காலையில் தண்ணீர் வண்டிக்காரனிடம் வாங்கி வைத்த மூன்று குடத்தைப் பாண்டியம்மாள் அக்கா தூக்கி வந்து வைத்தார். அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம்க்கா. குடிக்கிற தண்ணி."

"நீங்க போன்ல பேசுனது கேட்டுச்சு. எங்க வீட்டுக்காரரு குவைத்துல இருக்காக. மூத்தவ சமைஞ்சதுக்கும் வரல, எங்க மாமனாரு செத்ததுக்கும் வரல. நீங்களாவது ஊர்ல கெடங்க. ஊத்துங்க."

அண்ணன் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். எங்கள் அம்பாசமுத்திரத்தில் லாரியை ஆற்றுக்குள்ளேயே இறக்கிக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீருக்கு நான் ஒருநாளும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. இந்த அக்காவிடம் கைகூப்பினேன்.

அருப்புக்கோட்டை நெருங்கும்போது அண்ணன் ஓரங்கட்டி மனைவியை அழைத்தார். "பிளாக்கு நல்லாத்தான் இருக்கு. தூத்துக்குடில லோடு எறக்கிட்டு ராத்திரி சோத்துக்கு வாரேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது எனக்கே கேட்டது. பிறகு அந்த அம்மா கேட்டார்: "கொழம்பு என்ன வைக்க?"