மஞ்சள் அம்பு காட்டிய பெயர்

விரல் நகத்தின் அகலம்தான் இருக்கும் அந்த மஞ்சள் அம்பு. காப்புறுதிப் பாரத்தில், அதாவது இன்ஷூரன்ஸ் படிவத்தில், வாடிக்கையாளர் எங்கெல்லாம் கையெழுத்துப் போடவேண்டுமோ அங்கெல்லாம் அதை ஒட்டிவைப்போம். அம்பு காட்டும் இடத்தில் போட்டுக்கொண்டே போகலாம். நடுவில் கிடக்கும் எழுத்தைப் படிக்கும் தொல்லை இல்லை. எங்கள் லீடரின் காடியில், அந்தக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, அந்த அம்புகள் கட்டுக் கட்டாக வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். "அம்பு இல்லன்னா மனுசன் படிக்க ஆரம்பிச்சிருவான்லா. படிச்சா யோசிப்பான். யோசிச்சா, பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு வரேன்னு போயிருவான்" என்பார்.

எங்கள் தொழிலில் நம்மைச் சேர்த்துவிட்டு, நமக்கு மேலே இருப்பவரை லீடர் என்போம். இவர் என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த என்னை, "இந்த வாய வச்சுக்கிட்டு எதுக்குப்பா மெஷின்கிட்ட பேசற?" என்று கேட்டு இழுத்துவந்தார். அவரும் படிக்கிற ஜாதி இல்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். நாம் செத்தால் பணம் யாருக்குப் போகவேண்டும் என்று எழுதும் கட்டத்தை மலாயில் 'பெனாமா' என்பார்கள். நம் ஆட்கள் அதைப் 'பினாமி' என்று சொல்லிக் கலவரப்படுவார்கள். "பினாமி இல்லம்மா, பெனாமா. பினாமின்னா உயிரோட இருக்கறப்ப ஒளிஞ்சுக்கறவன். பெனாமா நாம போனப்புறம் வர்றவன்" என்று லீடர் விளக்குவார். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பாரத்தை வாங்கவே மாட்டார்.

அவர் போனது ஆயர் ஈத்தாம் சந்தைக்கு எதிரில், காலை ஒன்பது மணிக்கு. காடியை ஒழுங்காக நிறுத்தி, காதில் போன் கருவியோடு, ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். மறுமுனையில் இருந்த வாடிக்கையாளர் அது தெரியாமல் பத்து நிமிடம் குறை சொல்லிக்கொண்டே இருந்தாராம். "அன்னிக்குத்தான் குறுக்க பேசாம கேட்டாரு" என்று சாவு வீட்டில் அந்த வாடிக்கையாளர் என்னிடம் சொன்னபோது, சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துத் தொலைத்தேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எனக்குப் பிறந்தநாள் இரண்டு. அப்பா என்னைப் பதிவதற்குத் தாமதமாகப் போய், அபராதத்துக்குப் பயந்து ஒரு மாதம் தள்ளிச் சொல்லிவிட்டார். அடையாள அட்டையில் இருப்பது அந்தத் தேதி. அம்மா பாயசம் வைத்த உண்மையான தேதி வேறு. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை. ஒரு பிறந்தநாளுக்கு வாங்கித் தரும் செலவே போதும்.

லீடர் போய் ஐந்தரை மாதம் தாண்டியிருந்தது. அம்மாவின் தேதிப்படி எனக்குப் பிறந்தநாள். சூலியா தெருவில் வழக்கமான கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்த நேரம் போன் அதிர்ந்தது. திரையில் லீடரின் படம், அவர் எப்போதும் கட்டும் ஊதா டை. குரல் செய்தி. என் விரல் தானாகவே அழுத்திவிட்டது.

"இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். நல்லா இருக்கீங்களா? ஒரு சின்ன வேல. கையெழுத்துப் போட்ட பேப்பர எடுத்து ஒரு தடவ படிங்க. பெனாமா பேரு சரியா இருக்கான்னு பாருங்க. மறந்துராதீங்க லா."

தே தாரேக் தேநீர் டம்ளரைக் கவிழ்த்தேன். கவிழ்ந்தது பக்கத்து மேசைக்காரரின் மடியில். மன்னிப்புக் கேட்கும் பதற்றத்தில் அவரிடமே, "அண்ணே, செத்தவங்க வாட்ஸ்அப் பண்ணுவாங்களா?" என்று கேட்டேன். அவர் தொடையைத் துடைத்துக்கொண்டே, "கடன் வாங்கிருந்தா பண்ணுவாங்க" என்றார்.

பத்து நிமிடம் கழித்துத்தான் மூளை வேலை செய்தது. அது வாடிக்கையாளர்களுக்காக அவர் பதிந்துவைத்த வாழ்த்து. பிறந்தநாள் பட்டியலைப் பார்த்து ஒரு செயலி தானாக அனுப்பும். அவர் அதைப் பதிந்தபோது பக்கத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி செய்தவனே நான்தான். அப்பாடா என்று ரொட்டியை மறுபடி எடுத்தேன். வாய்க்குப் போகும் வழியில் கை நின்றது. பட்டியலில் எல்லாருக்கும் அடையாள அட்டைத் தேதிதானே இருக்கும்? இன்றைய தேதி அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்குப் போய் அலமாரியின் அடித்தட்டைக் கவிழ்த்தேன். நான் கையெழுத்துப் போட்ட பேப்பர் என்றால் ஒன்றுதான்: முகவர் ஒப்பந்தம். பதினாறு வருடத்துக்கு முன்பு கம்பெனி எங்கள் எல்லாருக்கும் புதிதாகக் கொடுத்தது. சூலியா தெரு மாடி அலுவலகத்தில் நானும் லீடரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கீழே நாசி கண்டார் சோற்றுக்கடையின் குழம்பு மணம் மேலே ஏறிவர, பசி வயிற்றைக் கிள்ள, நாற்பது பக்கத்தில் பதினெட்டு அம்பையும் நான்கு நிமிடத்தில் முடித்தோம். ஊருக்கெல்லாம் அம்பு விட்டவர்கள் எங்கள் அம்புக்கு நாங்களே விழுந்தோம்.

பதினேழாவது அம்பு இன்னும் ஒட்டியிருந்தது. அதன் கூர்முனையில், பெனாமா கட்டத்தில், என் கையெழுத்திலேயே லீடரின் பெயர்.

அந்த மத்தியானம் முழுசாக நினைவுக்கு வந்தது. இருவருக்கும் அப்போது கல்யாணம் ஆகவில்லை. "யார் பேர எழுதறது அண்ணே?" என்று கேட்டேன். "இப்போதைக்கு எம்பேர எழுது, நான் உம்பேர எழுதறேன். கல்யாணம் ஆனா மாத்திக்கலாம். வா, கீழ கடையில மீன்தலைக் கறி தீர்ந்துரும்" என்றார். கல்யாணம் இருவருக்கும் ஆனது. மாற்றவில்லை. என் உழைப்புக்கு வாரிசு ஒரு செத்த மனிதர். அப்படியானால் அவருடைய உழைப்புக்கு?

வாழ்க்கையில் முதல்முறையாக என் ஒப்பந்தத்தைப் படித்தேன். முகவர் இறந்தால், அவர் விற்ற பாலிசிகளுக்கு ஆண்டுதோறும் வரும் கமிஷன் பெனாமாவுக்குப் போகும். பெனாமா ஆறு மாதத்துக்குள் எழுதிக் கேட்காவிட்டால் நின்றுவிடும். அறிவிப்பு, பாரத்தில் உள்ள முகவரிக்கு மட்டும் அனுப்பப்படும். அவர் பாரத்தில் எழுத அன்று நான் சொன்ன என் முகவரி, எப்போதோ காலி செய்த சிம்பாங் அம்பாட் வாடகை அறை. அவர் போன நாளிலிருந்து விரல்விட்டு எண்ணினேன். ஒன்பது நாள் மிச்சம்.

ஆயர் ஈத்தாமில் லீடரின் மனைவியான அண்ணியின் அடுக்குமாடி வீட்டுக்கு ஓடினேன். மின்தூக்கி பழுது, பதினோரு மாடி. கதவைத் திறந்த அண்ணியின் முகத்தில் வரவேற்பு இல்லை. கூடத்தில் லீடரின் படம், அதன் முன்னால் விளக்கு, விளக்குக்குப் பக்கத்தில் அவருடைய போன் சார்ஜில். பூட்டைத் திறக்கும் எண் அண்ணிக்குத் தெரியாது. அணைக்கவும் மனம் வரவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அது தன்பாட்டுக்கு ஒருமுறை ஒளிர்ந்து அடங்கியது. யாருக்கோ வாழ்த்துப் போகிறது. நான் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"ஆபிஸுக்கு ரெண்டு தடவ போனேன் தம்பி" என்றார் அண்ணி, படத்தைப் பார்க்காமல். "நீங்க பெனாமா இல்லம்மான்னு அந்தப் பொண்ணு சொல்லுது. யாருன்னு கேட்டா, சொல்லக்கூடாதாம். பொண்டாட்டி நான் இருக்கறப்ப வேற யாரு பேர எழுதி வச்சிருக்காரு? உங்களுக்குத் தெரியாம இருக்காது. மறைக்காதீங்க. யாரு அவ?"

ஐந்து மாதமாக நான் கூப்பிட்டும் அண்ணி போனை எடுக்காததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. பிள்ளைகள் இருவரின் பள்ளிச் செலவு ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த மனுஷி தினமும் விளக்கேற்றிய கையோடு அந்தப் படத்திடம் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அண்ணி" என்றேன். "அவ நான்தான்."

அண்ணி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். என் தொப்பையில் பார்வை கொஞ்சம் நின்றது. கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர், பாதியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து படத்தின் முன் நின்று, "மீன்தலைக்காகவா?" என்று கேட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் அந்தப் பெண் கோரிக்கைப் பாரத்தையும், பணத்தை அண்ணியின் கணக்குக்கே திருப்பிவிடும் கடிதத்தையும் மஞ்சள் அம்பு ஒட்டிக் கொண்டுவந்தாள். நான் கண்ணாடியைப் போட்டு முதல் வரியிலிருந்து தொடங்கினேன். "சார், அம்பு இருக்கற இடத்துல போட்டாப் போதும். நான் சாப்பிடப் போகணும்" என்றாள். "போய்ச் சாப்பிட்டுட்டு வாம்மா" என்றேன். அவள் சாப்பிட்டு வந்தபோது நான் ஆறாம் பக்கத்தில் இருந்தேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒவ்வொரு வரியாகப் படித்தார். எல்லாம் முடிந்ததும் என் பெனாமாவையும் மாற்றி என் மனைவியின் பெயரை எழுதினேன்.

எழுந்திருக்கும்போது அந்தப் பெண்ணிடம் அலுவலகக் கணினியில் லீடரின் பிறந்தநாள் பட்டியலைத் திறந்து பார்க்கச் சொன்னேன். என் பெயர் இருந்தது. நேரே இருந்தது அடையாள அட்டைத் தேதி, ஒரு மாதம் தள்ளி. அந்தத் தேதியில் வாழ்த்து வந்திருந்தால் கெடு முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். "செயலியில ஏதோ கோளாறு சார்" என்றாள். நானும் அப்படித்தான் என்று வேகமாகத் தலையாட்டினேன். கோளாறுதான். என்ன சந்தேகம்?

அடையாள அட்டைப் பிறந்தநாளும் வந்தது. அதே கடை, அதே மேசை. பக்கத்து மேசைக்காரர் மட்டும் என்னைக் கண்டதும் தன் தட்டோடு இடம் மாறிக்கொண்டார். போன் அதிர்ந்தது. அதே ஊதா டை, அதே குரல், ஓர் எழுத்து மாறாமல். இந்த முறை முழுவதும் கேட்டேன். பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து, பெனாமா பக்கத்தைத் திறந்து, என் மனைவியின் பெயரைக் காட்டும் மஞ்சள் அம்பு நன்றாகத் தெரியும்படி படம் பிடித்து, "படிச்சாச்சு அண்ணே" என்று எழுதி அனுப்பினேன். யாரும் திறக்கமுடியாத போன் அது என்ற தைரியம்தான்.

தே தாரேக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். திரையில் இரண்டு சரிக்குறிகளும் நீலமாக மாறின, அங்கே யாரோ படித்துவிட்டார்கள்.

பிள்ளைகளில் யாராவது அந்தப் போன் பூட்டின் எண்ணைக் கண்டுபிடித்திருக்கலாம். அண்ணிக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். இன்றுவரை போடவில்லை.