அவிழ்த்து வந்த கூந்தல்

திரௌபதி வேஷம் கட்டும் அந்த மனிதரின் கூத்தை என் மனைவி எந்தத் திருவிழாவிலும் தவறவிட்டதில்லை. இந்த வருஷம் நோயில் படுத்துவிட்டாள். கடைசி நாள் படுகளத்தில், துரியோதனன் சாய்ந்ததும் திரௌபதி கூந்தல் முடிவதையாவது பார்க்க வேண்டும், ஆட்டோ பிடியுங்கள் என்று கெஞ்சினாள்.

"அந்தக் கூத்தாடிக்கு உன்ன யாருன்னே தெரியாது. எதுக்கு இந்த அலைச்சல்?" என்றுவிட்டேன்.

அன்று மதியம் செஞ்சி மலை வெயிலில் மிதப்பதுபோல இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். சேலையும் வியர்வையில் வழியும் ரோஸ் அரிதாரமுமாக அவர் எங்கள் வாசலில் நின்றிருந்தார். படுகளத்தில் முடிந்த கூந்தலை அவிழ்த்துத் தோளில் பரப்பினார். முடிந்ததை வேஷத்தோடு யாரும் அவிழ்ப்பதில்லை.

உள்ளே வந்து, முந்தானையைச் சரிசெய்தபடியே கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னாம்மா, முன்னாடி உங்க மூஞ்சியக் காணோம், எனக்குப் பாட்டே மறந்துபோச்சி."

"இன்னும் கூந்தல முடியலியா தாயே?" என்றாள் அவள்.

"நீங்க வராம எப்டி? இந்தாங்க மல்லி. நீங்களே முடிஞ்சி வுடுங்க."

அவள் கூந்தலை வாரி, மல்லி வைத்து முடிந்தாள். அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது என்னிடம் மெல்லச் சொன்னார்: "சார், வெளிய பாத்தத உள்ள சொல்லிடாதீங்க."

பூவாசனைக் கையைக் கன்னத்தில் வைத்து அவள் தூங்கிப்போனாள். அலைச்சல் என்று நான் சொன்ன படுகளம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான்.