கியோசா சுட்ட ஞாயிற்றுக்கிழமை

காலை ஐந்தே முக்காலுக்கு நான் எழுந்து வந்தபோது முதலில் கண்ணில் பட்டது மனைவியின் முதுகு. பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸை வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்துகொண்டிருந்தாள். கம்பெனி அடையாள அட்டையின் நீல நாடா பின்கழுத்தில் தெரிந்தது. இரவு வந்து அப்படியே படுத்திருக்கிறாள்.

பெருமாநல்லூர் சாலையில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் அவள் மெர்ச்சண்டைசர். ஆர்டர் வந்த நாள் முதல் சரக்கு கப்பல் ஏறும்வரை எல்லாவற்றுக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். ஜப்பானுக்குப் போகவேண்டிய குழந்தைச் சட்டைகளை அந்த நாட்டிலிருந்து வந்திருந்த பரிசோதகர் ஒருமுறை தரம் போதாதென்று தள்ளிவிட்டார். மறுபரிசோதனை திங்கட்கிழமை. சனிக்கிழமை மாலை முதலாளி அவளை அழைத்துப் பேசியதை வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னாள்.

"ஏனுங்க மேடம், அந்தப் பெரியவரு ஓட்டல் சோத்துல எளச்சே போயிட்டாருங்க. நாளைக்கு உங்கூட்டுக்குக் கூப்புட்டு, அவிய ஊருப் பலகாரம் ஏதாச்சும் பண்ணிப் போடுங்க. ஊட்டுல கைநனைச்சவரு அடுத்த நாளே தள்ளமாட்டாருங்க."

"அதெல்லாம் எனக்குப் பண்ணத் தெரியாதுங்க சார்."

"பழகிக்கலாமுங்க. இந்தவாட்டியும் பாஸ் ஆகலீன்னா, அப்பறம் நீங்க செரமப்பட்டு வேலைக்கு வரோணும்னு இல்லீங்க."

குரலில் மரியாதை துளிக்கூடக் குறையவில்லை என்றாள்.

ஜப்பான்காரர்களின் பலகாரமான கியோசாவின் செய்முறையை பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வந்திருந்தேன். கறியும் முட்டைக்கோஸும் வைத்துச் சோமாசி போல மடிக்க வேண்டும். அடிப்பக்கம் மட்டும் எண்ணெயில் சிவந்ததும் தண்ணீர் ஊற்றி மூடி, ஆவியில் வேகவிட வேண்டும். சோயா சாஸ் தெருமுனை பிரைடு ரைஸ் வண்டிக்காரரிடம் கிடைத்தது. பன்றிக்கறிக்குப் பதில் கோழி.

மாவு பிசைய, பக்கத்து வீட்டுப் பெண்ணை மனைவி கூப்பிட்டிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தையல் வேலைக்குப் போகிறார், கணவர் பரோட்டா மாஸ்டர். மைதா என்றால் அந்த வீட்டைக் கேட்டுத்தான் மண்ணரையில் எங்கள் வீட்டு வரிசையே நடக்கும். அவர் முட்டை உடைத்து ஊற்றி, சர்க்கரை போட்டு, எண்ணெய் விட்டு அடித்துப் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஊறவைத்தார்.

மாவு பட்டுப்போல இருந்தது. ஆனால் தேய்த்தால் சுருங்கியது, மடித்த ஓரம் ஒட்டவில்லை. பலமாக அழுத்தி மூடிய முதல் ஈடு, தண்ணீர் ஊற்றியதும் வரிசையாகப் பிளந்து கறியைக் கக்கியது.

"என்னக்கா, எல்லாம் வாயத் தொறந்துட்டுக் கெடக்கு! எங்க வீட்டுக்காரரு பரோட்டா ஒரு நாளும் இப்படித் தொறந்ததில்ல."

"அதுக்குள்ள கறி வெச்சுப் பாக்கச் சொல்லுங்க, தெரியும்," என்றாள் மனைவி. சிரிக்கவில்லை.

காகிதத்தை எடுத்துப் படித்தேன். மாவு, வெந்நீர், உப்பு. வேறெதுவும் இல்லை.

"எழுதுனவனுவ எண்ணெ போட மறந்துட்டானுவன்னுல்லா நெனச்சேன்," என்றார் அவர்.

மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து வெந்நீர் வைத்தாள். இரண்டாவது மாவு கொழுக்கட்டை மாவு போல வந்தது, ஓரம் ஒட்டியது.

பரிசோதகர் ஒரு மணிக்குக் கம்பெனி காரில் வந்தார். அறுபது வயது இருக்கும். காலணியைக் கழற்றி, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். ஆங்கிலம் அவருக்கும் எங்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். விருந்தாளியின் தட்டு காலியாக இருந்தால் எங்கள் ஊரில் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அவரோ தட்டில் மிச்சம் வைக்கத் தெரியாதவர். அவர் தின்று முடிக்க, இவள் வைக்க, அவர் மறுபடி தின்று முடிக்க, கடைசியில் தட்டின்மேல் இரண்டு கைகளையும் விரித்துக் கவிழ்த்துக்கொண்டார்.

"உங்கள் வீட்டில் இதை எப்படிச் செய்வார்கள்?" என்று கேட்டேன்.

"செய்வதில்லை. மனைவி கடையில் வாங்குவாள். ஐஸ் பெட்டியில் இருக்கும் பாக்கெட்."

அப்போது மின்சாரம் போனது. விசிறி எடுத்து வர உள்ளே போனேன். திரும்பியபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மனைவி எதிர்ச்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுப்பட்டுமா?" என்றேன்.

"வேண்டாம், உடுங்க. அவருக்கும் இன்னைக்கு ஒருநாள்தான லீவு."

மின்விசிறி சுழலத் தொடங்கியதும் விழித்து, வெட்கப்பட்டு, பலமுறை குனிந்து வணங்கினார். வாசலில் மனைவி தயங்கி, "நாளைக்கு?" என்று கேட்டாள்.

"நாளைக்குப் பார்க்கிறேன்," என்றார். காலணியை மாட்டிக்கொண்டே அவள் கழுத்தில் இன்னமும் தொங்கிய அட்டையைக் கவனித்தார். "இன்று உங்களுக்கு விடுமுறை இல்லையா?"

"விடுமுறைதான்."

அவர் ஏதோ சொல்ல ஆங்கிலம் தேடினார். கிடைக்கவில்லை. இன்னொருமுறை குனிந்துவிட்டுக் காரில் ஏறினார்.

திங்கட்கிழமை மதியம் சரக்கு பாஸ் ஆனது. முதலாளி அவளிடம் ஒரு பெட்டி மைசூர்பாகு கொடுத்தனுப்பினார். அன்றிரவு அவளாகவே கழுத்து அட்டையைக் கழற்றி வைத்தாள். அடுத்த நாளிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை.