இருபத்தைந்து ஊசிகளுக்கு இடமில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை, குண்டசாலை பஸ்ஸில் நடந்த சோதனையில் எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் சுகுமாரைப் பொலிசார் இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். வங்கி உத்தியோகத்தர். சாது மனிதர். குற்றம்? அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். வேறென்ன!

வீட்டுக்காரர் கடிதம் கொண்டுவந்தால் விடுவோம் என்று போனில் சொன்னார்கள். இவர் என் வீட்டில்தான் குடியிருக்கிறார் என்று சிங்களத்தில் ஒரு கடிதம், அவ்வளவுதானே? இந்த யுத்த காலத்தில் வாடகைக்கு ஆள் வைத்திருப்பவன் அதைக் கம்ப்யூட்டரில் தயாராகவே வைத்திருப்பான். நானும் வைத்திருந்தேன்.

பழைய பிரின்டரின் கேபிளை எடுத்துக்கொண்டு குனிந்தேன். இருபத்தைந்து ஊசி கொண்ட அந்தத் தடித்த தலையைச் செருக வேண்டிய இடம்... இல்லை! வாங்கி மூன்று வாரமான புத்தம் புதிய கம்ப்யூட்டர். முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், டோர்ச் அடித்தும் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துவிட்டார்களே, பாவிகள்!

கண்டி டவுனுக்கு ஓடினேன். விற்ற கடைக்காரர் சிரித்தார். "இப்ப அதெல்லாம் வர்றதில்ல சேர். எல்லாம் யூஎஸ்பிதான்." இரண்டையும் இணைக்க ஒரு வயர் இருக்கிறதாம். கொழும்பிலிருந்து வர இரண்டு நாளாகுமாம்.

வேறு கடையில் பிரின்ட் எடுத்திருக்கலாமே என்கிறீர்களா? பொலிசுக்குப் போகும் கடிதத்தை, அதுவும் யாழ்ப்பாணப் பெயரோடு, முன்பின் தெரியாத கடையிலா? கையால் எழுதவும் பயம். அச்சடித்த காகிதத்துக்குத்தான் ஸ்டேஷனில் மரியாதை என்று நம்புகிற ஆள் நான். என் சிங்கள எழுத்தோ, கோழி கிளறிய மாதிரி இருக்கும்.

கடை கடையாக ஏறி இறங்கி, மூன்று மணிக்கு வெறுங்கையோடு வீடு திரும்பினேன். மனைவி ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தாள். "கையாலேயே எழுதுங்க. அவரு காலையில இருந்து அங்க உக்காந்திருக்காரு."

எழுதினேன். வெட்கமாக இருந்தது.

ஸ்டேஷனில் அதிகாரி அதைச் சரியாக வாசிக்கக்கூட இல்லை. என் அடையாள அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். பொறுப்பெடுக்க ஒரு ஆள் வந்தால் போதுமாக இருந்திருக்கிறது — காலையிலேயே!

திரும்பும் வழியில், த்ரீவீலருக்குள் சுகுமார் மெதுவாகச் சொன்னார்:

"நீங்கள் பயந்திட்டியள், இனி வரமாட்டியள் எண்டு நினைச்சன் அண்ணை."

கம்ப்யூட்டரில் கேபிள் செருக இடமில்லை என்றேன். எனக்கே அது பொய் மாதிரித்தான் கேட்டது.